அணுகுண்டைப் பயன்படுத்தாமை: கட்டுமானவாதக் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின்மீது குண்டு வீசப்பட்டபின் எந்த நாடும் போரில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தவில்லை. பதிலடி பற்றிய அச்சமே காரணம் என்பது யதார்த்தவாதிகளின் விடை. அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகளுக்கு இடையே அது பொருந்தும். பதிலடி கொடுக்க வழியில்லாத நாடுகளின்மீதும் குண்டு விழாததற்கு அதில் விளக்கம் இல்லை. இந்த இடைவெளியைக் கட்டுமானவாதம் நிரப்புகிறது. ஆனால் அதற்கு வலுவான சான்று, ஆயுதம் வைத்திருப்பவரின் தயக்கத்தைவிட, ஆயுதம் இல்லாதவரின் துணிச்சலில்தான் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாடுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். வலிமை எவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே அவற்றின் நடத்தையைப் பெரிதும் வரையறுக்கிறது என்றார் யதார்த்தவாதியான கென்னத் வால்ட்ஸ் (1979). நிக்கலஸ் ஓனஃப் 1989இல் கட்டுமானவாதம் என்ற பெயரைச் சர்வதேச உறவுகள் துறைக்குக் கொண்டுவந்தார். அலெக்சாண்டர் வென்ட் 1992இல் வால்ட்ஸை நேரடியாக மறுத்தார்: நாடுகளின் பகையும் நட்பும் அவை ஒன்றோடொன்று பழகிய விதத்தில் உருவானவை. பிரிட்டனின் 500 அணு ஆயுதங்களைவிட வடகொரியாவின் ஐந்து அமெரிக்காவை அதிகம் கலங்கவைப்பதை அவர் பின்னர் எடுத்துக்காட்டினார்.

அணுகுண்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற நெறி உருவான விதத்தைக் கொரியப் போரில் காணலாம். 1950 நவம்பர் 30 அன்று செய்தியாளர் சந்திப்பில், அணுகுண்டைப் பயன்படுத்துவது எப்போதுமே பரிசீலனையில் இருப்பதாக அமெரிக்க அதிபர் ட்ரூமன் கூறினார். அதிபரின் ஒப்புதலின்றி அது நடக்காது என்று வெள்ளை மாளிகை அன்றே விளக்கம் அளிக்க நேர்ந்தது. பிரிட்டன் பிரதமர் அட்லி சில நாள்களில் வாஷிங்டனுக்கு விரைந்தார். 1955இல்கூட அதிபர் ஐசனோவர், தோட்டாவைப் போல இதையும் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். அத்தகைய பேச்சு பிற்கால அதிபர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. இந்த மாற்றத்தை நினா டானன்வால்ட் 2007இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்து, அணு ஆயுத விலக்கு என்ற நெறியே அதற்குக் காரணம் என்றார்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. வியட்நாமில் சிறுரக அணுகுண்டுகளால் ராணுவப் பயன் மிகக் குறைவு என்று அமெரிக்க அரசுக்கு ஆலோசனை கூறிய ஜேசன் குழுவின் அறிவியலாளர்கள் 1967இல் முடிவு செய்தனர். அப்படியானால் தயக்கத்துக்குக் காரணம் நெறியா, கணக்கா? வைத்திருப்பவரின் மனத்தை மட்டும் ஆராய்ந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஆகவே எதிர்த்தரப்பைப் பார்க்க வேண்டும். 1982இல் அர்ஜென்டினா, அணு ஆயுதம் கொண்ட பிரிட்டனின் ஆட்சியிலிருந்த ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. லண்டனின் எதிர்வினையை அது தவறாகக் கணித்திருக்கலாம். ஆனால் தன் தலைநகர் புவனஸ் அயர்ஸ்மீது அணுகுண்டு விழும் என்று அஞ்சிப் பின்வாங்கவில்லை. 1973இல் எகிப்தும் சிரியாவும், அணு ஆயுதம் வைத்திருந்ததாகக் கருதப்பட்ட இஸ்ரேலைத் தாக்கியதையும் இவ்வாறே வாசிக்கலாம். டி.வி. பால் இத்தகைய நிகழ்வுகளைத் தம் ஆய்வில் எடுத்துக்காட்டியிருக்கிறார். நற்பெயர் கெடும் என்பதால்தான் வல்லரசுகள் தயங்கின என்று வாதிடுவோரும் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். அணுகுண்டு வீசுவதை இழிவானதாக உலகம் முன்பே கருதியிருந்தால் மட்டுமே பெயர் கெடும்.

இந்நெறியை மக்களின் அறவுணர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சேகன், வேலன்டினோ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தம் படைவீரர்களின் உயிரைக் காக்க ஈரான்மீது அணுகுண்டு வீசும் கற்பனைச் சூழலை அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்றனர். நெறி நிலைபெற்றிருப்பது பெரும்பாலும் ஆட்சியாளர்கள், தூதர்கள், தளபதிகள் ஆகியோரின் வழக்கத்திலும் பேச்சிலும்தான்.

பேச்சால் நிலைபெற்றது பேச்சாலேயே தளரவும் கூடும். 'முதலில் பயன்படுத்தோம்' என்ற கொள்கையை இந்தியா 2003இல் முறையாக அறிவித்தது. உயிரியல், வேதியியல் தாக்குதலுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. 2019 ஆகஸ்டில் பொக்ரானில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் இக்கொள்கை பற்றிப் பேசுகையில், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். ஓர் ஏவுகணைகூட இடம்பெயரத் தேவையில்லை; அண்டை நாட்டின் கணிப்பில் ஐயம் நுழைய அந்த ஒரு வாக்கியம் போதும். ஆயுத எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் பாதுகாப்பு ஆய்வு இதைத் தவறவிடும். அணு ஆயுத விலக்கு நிரந்தரமான சாதனை அன்று. ஒவ்வொரு நெருக்கடியிலும் பொறுப்பில் இருப்போர் மீண்டும் உறுதிசெய்தால் மட்டுமே நீடிக்கும் வழக்கம் அது.