அந்த வருசத்துப் பிள்ளைகள்
1950களின் பிற்பகுதியில் தோட்டத்து வாழ்க்கை

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர் என்றால் அதுதானே வழமை. ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து அமரும் மூத்தவர்களிடம் நான் தினமும் கேட்கும் ஒரு சாதாரணக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எந்த வருசம் பிறந்தீங்க, பாட்டி?"

அடையாள அட்டையில் ஒரு வருடம் இருக்கும். பாட்டி சொல்லும் கணக்கு வேறாக இருக்கும். "பண்டாரநாயக்காவ சுட்டாங்கல்ல தாயி, அந்த வருசம் நான் பெரிய மனுசி ஆனேன்" என்பார் ஒருவர். "பஸ்ஸையெல்லாம் கவர்மெண்டு எடுத்த வருசம் மூத்தவன் பொறந்தான்" என்பார் இன்னொருவர். "நாடோடி மன்னன் படம் வந்தப்பதான் எனக்குக் கல்யாணம்" என்று வெட்கத்தோடு சொன்னவரும் உண்டு. நான் மனதுக்குள் கூட்டிக் கழிப்பேன். பண்டாரநாயக்க சுடப்பட்டது 1959 செப்டம்பர் 25ஆம் திகதி. மறுநாள் காலமானார். பெரிய மனுசி ஆனது பதின்மூன்று, பதினான்கு வயதில் என்று வைத்தால் பாட்டி பிறந்தது 1945 அல்லது 1946. அட்டையிலோ 1950 என்று இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிப்பதற்கும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்கும் வயது வேண்டும். ஆகவே இது வெறும் பழங்கதை அல்ல.

இப்படிக் கேட்டுக் கேட்டே அந்தக் காலத்தை நான் படித்தேன். எங்கள் அம்மாயி சொன்னவையும் அதனோடு சேர்ந்தன. பாடசாலையில் அசோகனையும் பராக்கிரமபாகுவையும் படித்தோம். நம் பாட்டிமார் கொழுந்து பறித்த காலம் பாடப்புத்தகத்தில் இல்லை.

அரிசியும் சதமும்

விடிவதற்கு முன் தப்புச் சத்தம். பிறகு பிரட்டுக் களம். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளை மடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடையோடு மலைக்கு ஏறுவார்கள். குறித்த நிறை கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். அதே ஒரு பேருக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். இருவருக்கும் சமமான சம்பளம் வந்தது 1984இல்தான். அம்மாயி அப்போது வேலையை விடும் வயதில் இருந்தார்.

விலைவாசி என்றால் அம்மாயிக்கு அரிசியின் விலைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த பங்கீடு ஐம்பதுகளிலும் தொடர்ந்தது. கூப்பன் புத்தகம் வீட்டின் முக்கிய சொத்து. அரிசியைத் தோட்டமே கொடுத்து, காசைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். சம்பள நாளில் கைக்கு வருவது கழிவுகள் போக மிச்சம். அதிலும் கடைக்காரர் கொப்பி ஒன்று காத்திருக்கும்.

1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னர் அரிசி விலை குறைந்தது. 1956இல் வந்த அரசு இன்னும் குறைத்தது. ஆகவே ஐம்பதுகளின் பிற்பகுதியை அம்மாயி "அரிசி மலிஞ்ச காலம்" என்றே சொல்வார். சாப்பிட்ட அரிசி எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. 1952இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கைப்படி இலங்கை இறப்பர் அனுப்பியது, சீனா அரிசி அனுப்பியது. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் உழைப்பு அரிசியாகித் தேயிலைத் தோட்டத்து அடுப்பில் கொதித்தது.

அரிசிச் சோறு இரவுக்கு. காலையில் கோதுமை மா ரொட்டி, இடித்த சம்பல், சாயத் தண்ணி. நல்ல தேயிலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போனது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்தே வந்த காலம் அது. லயத்துக்குக் கிடைத்தது தூள்.

சில்லறைக் காசுகளை அம்மாயி உருவத்தால் நினைவு வைத்திருந்தார். இரண்டு சதம் ஓரம் வளைந்து வளைந்து பூப்போல இருக்கும். ஐந்து சதம் நாலு மூலை. பத்து சதம் பெரிய பூ. இருட்டிலும் தடவிப் பார்த்து எண்ணலாம். ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து வரும் கடிதங்களில் அணாக் கணக்கு இருக்கும். 1957 ஏப்ரலில் அங்கே ஒரு ரூபாவை நூறு நயா பைசாவாகப் பிரித்தார்கள். இலங்கையில் நூறு சதக் கணக்கு 1872ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. "அவுங்க இப்பதான் நம்ம கணக்குக்கு வந்திருக்காங்க" என்று எங்கள் தாத்தா பெருமையடித்தாராம். அன்று இரு நாட்டு ரூபாவும் ஒரே மதிப்பு. இன்று வெளிநாட்டில் வாழும் தோழியர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வெளிச்சம் போன இடம்

லயத்து வீடு என்பது ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம். 1957இல் உலகெங்கும் பரவிய ஆசியக் காய்ச்சல் இலங்கைக்கும் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களில் ஒருவர் இருமினால் என்ன ஆகும் என்று வைத்தியராக எனக்கு விளங்குகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா கொடுக்கும் கலவை மருந்துதான் எல்லாவற்றுக்கும். கொவிட் நாட்களில் லயங்களுக்குப் போனபோது, தனிமைப்படுத்தல் பற்றி நாங்கள் கொண்டுபோன துண்டுப்பிரசுரத்தில் "தனி அறையில் இருக்கவும்" என்று எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

மாலையில் குப்பி லாம்பு. கெஹெல்கமு ஓயாவின் நீரை நோர்ட்டனில் மறித்து, லக்ஷபானவில் 1950ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுத்தார்கள். கம்பிகள் நம் மலைகளின் மேலாகக் கொழும்புக்குப் போயின. கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் மண்ணெண்ணெய் எரிந்தது. எங்கள் அம்மா தன் பத்து வயது வரை குப்பி லாம்பில்தான் படித்தார்.

பாட்டும் கூத்தும்

இருந்தாலும் அந்தக் காலத்தைச் சொல்லும்போது மூத்தவர்களின் முகம் மலர்வது பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும்போதுதான். முதலில் ரேடியோ. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. இந்தியாவில் 1952இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கைவிட, தமிழ்நாடு முழுவதும் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பியது. 1957 ஒக்டோபரில் விவித பாரதி வரும்வரை அந்த அரசு நமதே. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலுக்குத் தமிழ்நாட்டிலும் இரசிகர்கள் இருந்தார்கள். லயத்தில் ரேடியோ வாங்க யாரிடம் காசு? பெரிய கங்காணி வீட்டிலோ உத்தியோகத்தர் குவாட்டர்ஸிலோ ஒன்று பாடும். பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். மறுநாள் அந்தப் பாட்டு கொழுந்து மலையில் நிரை நிரையாகப் பாடப்படும்.

அடுத்தது படம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு ஹற்றனுக்கோ தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ நடை. 1956இல் மதுரை வீரன், 1957இல் மாயா பஜார், 1958இல் நாடோடி மன்னன், 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மன். எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர் என்பதால் "நம்ம ஆள்" என்ற உரிமை வேறு. அக்காலத்தில் ஹொலிவூட்டே நம் வாசலுக்கு வந்திருந்தது. ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழே இறங்கினால் வரும் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி, 1957இல் அதை வெடிவைத்துத் தகர்த்துப் படம் எடுத்தார்கள். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்றது. நல்ல பாலத்தைக் கட்டிவிட்டு ஏன் உடைத்தார்கள் என்று தாத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

காசில்லாத பொழுதுபோக்கும் இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து. ரதியும் மன்மதனும் வேடமிட்டு ஆட, தப்பு முழங்க, இரவு முழுக்கத் தோட்டம் விழித்திருக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, ஆடியில் மாரியம்மன் தேர் என்று வருடம் நகரும். ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் பூக்காட்சியும். அது துரைமாரின் வசந்தம். நம்மவர்கள் வேலிக்கு இப்பால் நின்று, கடலை கொறித்துக்கொண்டு, தொப்பிகளைப் பார்த்தார்கள்.

செய்தி வந்த வழி

வீரகேசரியும் தினகரனும் 1930களின் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. தோட்டத்துக்கு வரும் ஒரு பத்திரிகையைச் சலூனிலோ தேநீர்க் கடையிலோ ஒருவர் சத்தமாக வாசிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். அது ஆண்களின் செய்தி. பெண்களுக்குச் செய்தி பீலிக்கரையில். குடம் நிறைவதற்குள் உலகம் வந்துவிடும்.

அப்படி வந்த செய்திகள் சாதாரணமானவை அல்ல. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம். 1957 ஜூலையில் பண்டா-செல்வா ஒப்பந்தம், 1958 ஏப்ரலில் அதன் கிழிப்பு. இடையில் 1957 ஒக்டோபரில் ருஷ்யாக்காரர் வானத்தில் விட்ட ஸ்புட்னிக். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்கள் அரசுடைமை. அதே வருடம் மே மாதம் கலவரம். மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சலூனில் வாசிக்க ஒன்றும் இல்லாமல் போனது. ஆனால் பீலிக்கரையைத் தணிக்கை செய்ய யாராலும் முடியாது. உண்மையும் வதந்தியும் ஒரே குடத்தில் வந்தன. அந்த வாரங்களில் இரவில் லாம்பை அணைத்துவிட்டு, உடுப்பு மூட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்ததாக அம்மாயி சொன்னார். 1983 ஜூலையில் நான் கைக்குழந்தை. அப்போதும் அதே மூட்டையை அதே இடத்தில் வைத்ததாகவும் சொன்னார்.

காகிதம்

அந்த வருடங்களில் எல்லாச் செய்திக்கும் அடியில் ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் பிரஜைகள் அல்லாதவர்களாகிப் போனார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானையும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்கு இல்லாமல் நின்றார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு வருடம், மணமாகாதவர் என்றால் பத்து வருடம், இடைவிடாமல் இந்நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். தப்புச் சத்தத்தில் எழுந்து தப்புச் சத்தத்தில் படுத்தவர்களிடம் திகதி கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எங்கள் தாத்தாவின் விண்ணப்பம் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அம்மாயியின் தங்கை ஹற்றனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாகப் போனார். இருவரும் மறுபடி சந்திக்கவே இல்லை. மிச்சமிருந்தோருக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அம்மாவின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். "பண்டா செத்த செய்தி வந்தப்ப உங்கம்மா வயித்துல ஏழு மாசம்" என்பார் அம்மாயி. அப்படியானால் அம்மா பிறந்தது 1959 நவம்பரில். பிறப்புப் பதிவு நேரத்துக்குச் செய்யப்படவில்லை. நம் பாடசாலையில் சேர்க்க வந்தபோது, உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று எடுக்கப்பட்டது. அதில் 1961 என்று விழுந்தது. எங்கள் குடும்பத்திலிருந்து இந்த வாசலுக்குள் வந்த முதற்பெண் அவர். வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருந்ததால் எப்போதும் கடைசி வாங்கில்தான் இடம் என்று சிரிப்பார். ஆசிரியையாகி, காகிதக் கணக்கின்படி இரண்டு வருடம் கூடுதலாக உழைத்தே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. "ரெண்டு வருசம் கூடப் படிப்பிச்சேன், அவ்வளவுதானே" என்பார். வருத்தம் எனக்குத்தான். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்ததும் அதே 1958இல்தான். வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்து சேர்த்த அந்தப் பணத்தை எடுக்க, பேரிலும் பிறந்த திகதியிலும் உள்ள பிழையோடு அலையும் பாட்டிமாரை இன்றும் பார்க்கிறேன்.

அன்புத் தோழியரே, 1958இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். டொரொண்டோவிலோ லண்டனிலோ திருச்சியிலோ கொட்டகலையிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த மலரை மூடியதும் அவரிடம் போய் அமருங்கள். எந்த வருசம் என்று கேட்காதீர்கள். அப்போது அரிசி என்ன விலை, என்ன படம் ஓடியது, யார் செத்த செய்தி வந்தது என்று கேளுங்கள். சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, பேரையும் திகதியையும் போட்டு வையுங்கள். ஒரு பிரதியை நம் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த மலரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அது உதவும்.

நம் பாடசாலைத் தாய்க்கும் சங்கத்துக்கும் என் நூற்றாண்டு வாழ்த்துகள்.