துருவில் மறைந்த கவசம்

சேர நாட்டின் கிழக்கு வாயில் பாலக்காட்டுக் கணவாய் ஆகும். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் ஓங்கி நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலைத்தொடர் வழிவிட்டிருக்கிறது. முசிறித் துறையில் இறங்கிய யவனர் பொருள்கள் இவ்வழியே கொங்கு நாட்டை அடைந்தன. மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும், கிழக்கே கோவையை அடுத்த வெள்ளலூரிலும் கிடைத்த உரோமக் காசுகள் இதற்குச் சான்று.

யவனர் வணிகராக மட்டும் இங்கு அறியப்படவில்லை. அரசனது பாசறையில் அவர்கள் காவல் புரிந்ததை முல்லைப்பாட்டு கூறுகிறது. அவர்கள் உடலில் அணிந்ததை அந்நூல் ‘மெய்ப்பை’ என்கிறது. உரையாசிரியர் அதனைச் சட்டை என்பர். பதிற்றுப்பத்தோ, சேர வேந்தனை அவனுடைய வீரர்க்கு ‘மெய்ம்மறை’ எனப் போற்றுகிறது. கவசத்தை அறியாத நாட்டில் இத்தகைய உருவகம் தோன்றியிராது. ஆயினும், அக்கவசம் தோலா, துணியா, இரும்பா என்பதைச் சொல் மட்டும் தெரிவிப்பதில்லை. இந்நிலையில், இக்காலத்து ஓவியரும் திரைப்படத்தாரும் யவனக் காவலர்க்கு இரும்புப் பட்டைகள் பூட்டி விடுவது சான்றின்பாற்பட்டதன்று, வெறும் கற்பனையே.

உரோமாபுரியின் கவசத்தை அறிவதே எளிதாக இருக்கவில்லை. கி.பி. 113-இல் எழுந்த திராயன் தூணின் சிற்பங்களைக் கொண்டே அறிஞர் நெடுங்காலம் பட்டைக் கவசத்தை வரைந்து வந்தனர். 1964-இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில், மண்ணுக்குள் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. அதனுள் துருவேறிக் கிடந்த கவசத் துண்டுகளைக் கொண்டே, பட்டைகள் தோல்வாரினால் எவ்வாறு இணைக்கப்பட்டன என்பது விளங்கியது. இலண்டன் கோபுரப் படைக்கல அறிஞர் ரசல் ராபின்சன் அதனை மீண்டும் உருவாக்கிக் காட்டினார்.

பிற்காலத்து வீரர் பலர் வளையக் கவசமோ செதிற் கவசமோ அணிந்தனர். கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில், அவற்றின் கழுத்துத் திறப்பை மூடுதற்கு மார்பில் இரு சிறு உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டன. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் அத்தகடுகள் அழகியவை. எனினும் ஆராய்ச்சியாளர்க்கு அவ்வழகினும் ஓரத்துத் துளைகளே பெரிது. தகடு எதனோடு, எவ்வாறு இணைந்திருந்தது என்பதை அவையே உரைக்கும்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலுள்ள தூரா யூரோப்போஸ் கி.பி. 256 அளவில் பாரசீகர் முற்றுகையில் வீழ்ந்தது. அங்கே வறண்ட மண்ணுள் குதிரைக் கவசங்கள் துணியோடு கிடைத்தமையால், செதில்கள் கோக்கப்பட்ட முறையும் தெளிவாயிற்று.

நம் மண்ணின் இயல்பு வேறு. மலைநாட்டின் பெருமழை துணியையும் தோலையும் விரைவில் அழித்துவிடும், இரும்பையும் அரித்துவிடும். ஆனால் இங்கே இரும்புத் தொழில் தழைத்ததில் ஐயமில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும் கிட்டத்தையும் வெளிப்படுத்தின. ஆனைமலைக்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்து மறையூரில், ‘முனியறை’ எனப்படும் பெருங்கற்கால ஈமக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன.

இத்தகைய இடங்களில் உழும்போதோ தோண்டும்போதோ பொற்காசு கிடைத்தால் அது பேசப்படுகிறது. துருக்கட்டி கிடைத்தால் எறியப்படுகிறது. அந்தத் துருக்கட்டியிலேயே ஓர் ஆணித்துளையும், ஒரு நூலின் பதிவும் எஞ்சியிருத்தல் கூடும். காசில் பொறித்த முகம் அரசனை நமக்குக் காட்டும். ஆனால் அவனைக் காத்து நின்ற பெயரறியா வீரன் எதனை நம்பிக் களம் புகுந்தான் என்பதைக் காட்ட வல்லது துருவே. ஆகவே, அதனைக் கழுவாமலும் சுரண்டாமலும், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் நம் கடமையாகும்.