எம்டன்: தமிழில் தங்கிவிட்ட ஒரு போர்க்கப்பலின் பெயர்

எம்டன் என்பது முதல் உலகப் போரின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் இயங்கிய ஜெர்மானிய இலகுரகப் போர்க்கப்பல் ஆகும். ஜெர்மனியின் வடமேற்கே எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள துறைமுக நகரம் எம்டன். அந்நகரின் பெயரே 1908 ஆம் ஆண்டு மே மாதம் டான்சிக் தளத்தில் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பலுக்குச் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் ஊரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. கப்பலை அறியாதவர்கள்கூடச் சொல்லை அறிவார்கள்.

போர் தொடங்கியபோது சீனாவின் சிங்தாவ் தளத்தில் இருந்த எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் தனியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட இக்கப்பலில் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, தொலைவிலிருந்து பார்ப்போர் பிரிட்டிஷ் கப்பல் என்று எண்ணும்படி செய்தனர். சரக்குக் கப்பல்களைப் பிடித்து, மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிய பிறகே அவற்றை மூழ்கடிப்பது முல்லரின் வழக்கம். இதனால் எதிரிநாட்டுப் பத்திரிகைகளும் அவரைப் பாராட்டின.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவுவரை நெருங்கியது. நகரில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தாங்கிகளே முதன்மை இலக்கு. அரைமணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள் வீசப்பட்டன. தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றில் இருந்தவர்களும் பலியாயினர். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் ஒன்றும் படவில்லை. கப்பல் இருளில் மறைந்தது.

சேதம் பெரிதன்று. அச்சம்தான் பெரிது. கடல் முழுவதும் பிரிட்டனின் காவலில் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒரே இரவில் ஆட்டம் கண்டது. எம்டன் திரும்பி வரும் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். வங்காள விரிகுடாவில் வணிகப் போக்குவரத்து முடங்கியது.

பின்னர் பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, அதைவிடப் பெரிய பீரங்கிகளைக் கொண்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதனை எதிர்கொண்டது. குண்டுகளால் சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறையில் மோதித் தரைதட்டச் செய்தார். 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர், முல்லர் சிறைப்பட்டார்.

ஜெர்மனி இப்பெயரைக் கைவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் அந்நாடு புதிதாகக் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பலும் எம்டன்தான். தப்பிப் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயருடன் எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும் அனுமதிக்கப்பட்டனர்.

தமிழகத்தில் அப்பெயர் வேறு வழியில் வாழ்ந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்றால் சூட்சுமக்காரன், எதற்கும் அசையாதவன் என்று பொருள். கண்டிப்பான தந்தையையும் வாத்தியாரையும் பிள்ளைகள் இப்பெயரால் குறித்தனர். அண்டையிலுள்ள மலையாளத்தில் 'யமண்டன்' என்றால் மிகப்பெரியது என்று பொருள். அச்சொல்லையும் இக்கப்பலோடு இணைத்துச் சொல்வதுண்டு.

செண்பகராமன் பிள்ளை இக்கப்பலில் வந்து சென்னையைத் தாக்கினார் என்ற செய்தி தமிழில் பரவலாக எழுதப்படுகிறது. அவர் ஜெர்மனியிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் என்பது உண்மை. ஆனால் எம்டனில் இருந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை.

2006 இல் கண்டிப்பான தந்தையைப் பற்றிய திரைப்படம் ஒன்றுக்கு 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்டது. தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்கே வரிவிலக்கு என்ற நிலையில், அது 'எம் மகன்' என்று மாற்றப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் நாவில் புழங்கிய பிறகும் எம்டன் அயற்சொல்லாகவே கணக்கிடப்பட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு ஒன்று உள்ளது.