கொளுஞ்சி விளைந்த வயல்

யூரியா மூட்டை வருவதற்கு முன்னால், தஞ்சைப் பக்கத்து வயல்களில் தழைச்சத்துக்கு நம் பெரியவர்கள் பெரிதும் நம்பியது கொளுஞ்சியை. சம்பா அறுவடைக்குப் பின் மிச்சமிருக்கும் ஈரத்தில் அது முளைக்கும். மாடு வாய் வைக்காது, காவல் வேண்டாம். அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். செடியை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் மண்ணுக்கு உரம். உதிர்ந்த விதை அடுத்த ஆண்டும் முளைக்கும்.

1934இல் மேட்டூர் அணை வந்தது. பாசனம் சீரானது, ஆனால் ஆற்றோடு வந்த வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிட்டது. 1960களில் ஆடுதுறை 27 நெல்லும் யூரியாவும் வந்தன. குறுவை பெருகியது. அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கூடுதல் விளைச்சலைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் யூரியா தழைச்சத்தைத் தரும், மட்கைத் தராது. மட்கு குறைந்தால் மண் இறுகும், ஈரம் நிற்காது. மழை தவறுவதும் ஒரே நாளில் கொட்டுவதுமான இந்தக் காலத்தில்தான் அந்த நட்டம் உறைக்கிறது. பசுந்தாள் உர விதை வழங்கத் தமிழக அரசே 2024இல் திட்டம் அறிவித்தது. நாம் கைவிட்டது பழைய பழக்கத்தை மட்டுமல்ல, மண்ணின் பலத்தையும்தான்.