வேங்கடம் கடந்தோரும் மீண்டோரும்

பொருள் தேடியும், பகை மேற்சென்றும், தூது போகியும் தலைவன் பிரிதலைப் பாடிய நம் முன்னோர், கல்வியின் பொருட்டுப் பிரிதலையும் தனியே எண்ணி இலக்கணம் வகுத்தனர். ஓதற்பிரிவு என்பது அதன் பெயர். அப்பிரிவு மூன்றாண்டு எல்லையைக் கடத்தலாகாது என்று தொல்காப்பியக் கற்பியல் வரையறை செய்கின்றது. கல்விக்கு எல்லையில்லை, ஆயின் கல்விக்காகப் பிரிந்திருத்தற்கு எல்லை உண்டு. விடைகொடுத்தவர் வாசலில் காத்திருக்கின்றார் என்பதை மறவாத இலக்கணம் அது. இவ்வரையறையைப் படிக்குந்தோறும், மூன்றாண்டுக் கல்வியென்று புறப்பட்டு முப்பது ஆண்டுகளை அயல்மண்ணில் கழித்துவிட்ட நம்மனோர்க்கு நெஞ்சு ஒருகணம் நின்று இயங்குதல் இயல்பே.

பிரிந்து செல்வோர் எவ்வெல்லையைக் கடந்தால் ‘அயல்நாடு’ புகுந்தவராவர்? தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வடவெல்லையாக வேங்கட மலையைச் சுட்டுகின்றது. சங்கப் புலவர் மாமூலனார், அவ்வேங்கடத்தையும் கடந்து மொழி வேறுபட்ட நாட்டிற்குத் தலைவன் சென்றதை அகநானூற்றில் பாடியுள்ளார். இன்று நாம் வானூர்தி ஏறிக் கடக்கும் கடல்கள் யாவும் அன்று அம்மலை ஒன்றிலேயே அடங்கியிருந்தன. திருப்பதியும் சித்தூரும் அமைந்த அந்நிலப்பகுதி, தமிழும் தெலுங்கும் தோள்கோத்து வாழும் எல்லைமண். அம்மண்ணிலிருந்தே கடல் கடந்து கற்கச் சென்ற ஒருவரின் வரலாறு, பிரிவையும் மீட்சியையும் பற்றி நமக்குப் பல உணர்த்தவல்லது.

அவர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்தவர். அக்காலத்தில் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது 1911ஆம் ஆண்டிலேதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே ‘முசலம்ம மரணம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அனந்தபுரம் பகுதியில் உடையவிருந்த ஏரிக்கரையைக் காக்கத் தன்னையே பலியாக ஈந்த மருமகள் ஒருத்தி, கணவனிடமும் குழந்தையிடமும் சுற்றத்தாரிடமும் விடைபெற்றுச் செல்வதே அக்காவியத்தின் உயிர்நிலை. தாம் விடைபெறும் நாள் வருமுன்னரே, விடைபெறுதலின் துயரத்தை அவ்விளைஞர் எழுதிப் பார்த்துவிட்டார் எனலாம்.

1902இல் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் தூய யோவான் கல்லூரியில் வரலாறு பயின்றார். சொல்வன்மை மிக்க அவர், அங்குப் புகழ்பெற்ற மாணவர் பேச்சு மன்றத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். கப்பற்பயணம் வாரக்கணக்கில் நீண்ட காலம் அது. 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறிய கணிதமேதை இராமானுசன், ஏப்பிரல் நடுவில்தான் இலண்டனை அடைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் 1919இல் நோயுற்றுத் திரும்பிய அவர், அடுத்த ஆண்டு ஏப்பிரலிலேயே மறைந்தார். கடல் கடத்தல் குலத்திற்கு ஆகாதென்ற தடையும் அன்று இருந்தது. ஆகவே, அந்நாளில் விடைகொடுத்த தாய்மார், தொலைவை மட்டும் அஞ்சவில்லை. திரும்பி வருபவனை ஊர் ஏற்குமோ என்பதையும் சேர்த்தே அஞ்சினர்.

இராமலிங்க ரெட்டி மீண்டு வந்தார். ஆயின் சித்தூரிலேயே தங்கிவிடவில்லை. பரோடாக் கல்லூரியில் துணைமுதல்வரானார். அப்பதவியில் அவருக்கு முன்னிருந்தவர் அரவிந்தர் என்பது ஈண்டு நினையத்தக்கது. அரவிந்தரின் வரலாறோ முற்றும் வேறு. ஏழாம் வயதில், 1879இல், இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், 1893இல்தான் தாயகம் திரும்பினார். மகன் வந்த கப்பல் மூழ்கியதென்ற பொய்ச்செய்தி கேட்டு, அவரைக் காணாமலே தந்தை உயிர்நீத்தார். பதினான்கு ஆண்டுகள் அயல்மொழியிலேயே வளர்ந்தமையால், தம் தாய்மொழியாகிய வங்காளத்தை அவர் பரோடாவில் இருந்தபோது முயன்று கற்க வேண்டியதாயிற்று. ஒருவர் தம் மொழியில் காவியம் எழுதிவிட்டுக் கடல் கடந்தார். மற்றவர் மொழி வேரூன்றுமுன்னரே அனுப்பப்பட்டார். திரும்பும் வழி முன்னவர்க்கு எளிதாயிற்று. பின்னவர்க்கு அது மற்றொரு நெடும்பயணமாயிற்று. பின்னாளில், 1948இல், ஆந்திரப் பல்கலைக்கழகம் அரவிந்தருக்குத் தேசியப் பரிசு வழங்கியபோது, அதன் துணைவேந்தராயிருந்த ரெட்டியே புதுவை சென்று அதனை அளித்தார்.

பரோடாவுக்குப் பின் மைசூர் மகாராசாக் கல்லூரியிலும், அச்சமத்தானத்தின் கல்வித்துறைத் தலைமையிலும் பணியாற்றிய ரெட்டி, 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஆங்கில அரசின் அடக்குமுறையைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார். அடுத்து 1931இல் அவ்விருக்கையில் அமர்ந்தவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன். திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் பள்ளியில் பயின்ற அவர், கற்பதற்காகக் கடல் கடந்தவரல்லர். வேலூரிலும் சென்னையிலுமே படிப்பை முடித்தவர். 1936இல் அவர் ஆக்சுபோர்டுக்குப் பேராசிரியராகச் சென்றார். அவர் விட்ட இடத்திற்கு ரெட்டி மீண்டும் வந்து, 1949 வரை அப்பணி புரிந்தார். அருகருகே இருந்த ஊர்களில் பிறந்த இருவருள், ஒருவர் மேலைக்கல்வியைக் கொண்டுவந்து கொடுத்தார்; மற்றவர் இங்குக் கற்றதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொள்ளலும் கொடுத்தலும் ஒரே பாதையின் இருதிசைகள் அன்றோ?

இனி, ரெட்டி எவ்வகையில் ‘வீடு திரும்பினார்’ என்று வினவுவோம். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி பரோடாவிலும் மைசூரிலும் வால்டேரிலும் கழிந்தது. ஆயினும் 1914இல் அவர் வெளியிட்ட ‘கவித்துவ தத்துவ விசாரம்’, மேலைத் திறனாய்வு நெறியைத் தெலுங்கிற்குள் கொணர்ந்து, அவ்விலக்கிய உலகில் பெரும் விவாதத்தை எழுப்பியது. பொருளியலையும் அவர் தெலுங்கில் எழுதினார். கேம்பிரிட்ஜில் பெற்ற அறிவைத் தம் ஊரார் மொழியில் இறக்கிவைத்த அந்நாளே அவர் மெய்யாக வீடு திரும்பிய நாள். உடல் திரும்புதல் பயணம். கற்றது திரும்புதலே மீட்சி.

இன்றைக்குத் திருப்பதியே பெருங்கல்வி நகரமாகிவிட்டது. 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தோடு, 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் அங்கு உள்ளது. பயணம் நலமாக முடியவேண்டுமென்று நேர்ந்துகொண்டு, திரும்பியபின் மலையேறி முடியிறக்கும் குடும்பங்கள் பல. அந்நேர்த்திக்கடனின் உட்பொருள் தெளிவானது: போய் வந்தவர் எதையேனும் கொடுத்தாக வேண்டும்.

அயல்மண்ணில் வாழும் நாமும் நம் மக்களை இன்று வேறு வேறு நாடுகளுக்குக் கற்க அனுப்புகின்றோம். ஓராண்டு தமிழகத்தில் பயின்று வரும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்க்கு எது அயல்நாடு, எது தாய்நாடு என்று வழக்காடுதல் வீண். விடைகொடுக்கும்போது பெட்டியின் எடையைப் பலமுறை நிறுத்துப் பார்க்கின்றோம். மொழி உள்ளே இருக்கின்றதா என்று ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும். திரும்பி வரும்போது, பெற்ற பட்டத்தைக் கேட்பதோடு நில்லாது, கற்றதைப் பாட்டிக்கும் விளங்கத் தமிழில் சொல்லுமாறு கேட்போம். அவர்கள் தடுமாறிச் சொல்லும் அந்தத் தமிழே, மூன்றாண்டாயினும் முப்பதாண்டாயினும், பிரிவுக்கு எல்லை கட்டவல்லது.