கோள்களை அடையாளம் காணல்

கோள்களை அடையாளம் காணல் என்பது இரவு வானில் தெரியும் ஒளிப்புள்ளிகளுள் விண்மீன் எது, கோள் எது என்றும், கோளாயின் அது எந்தக் கோள் என்றும் அவற்றின் இயல்புகளைக் கொண்டு அறிவதாகும். சூரியக் குடும்பத்தில் எட்டுக் கோள்கள் உள்ளன. புவி தவிர்ந்த ஏழனுள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிவன. யுரேனஸ் மிக இருண்ட வானில் மட்டும் மங்கலாகத் தெரியும். நெப்டியூனைக் காண இருகண்நோக்கியோ தொலைநோக்கியோ தேவை.

விண்மீனும் கோளும்

கோளை விண்மீனிலிருந்து பிரித்தறியப் பின்வரும் மூன்று இயல்புகள் உதவுகின்றன.

* இடம்: கோள்களின் சுற்றுப்பாதைகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைந்துள்ளன. ஆகவே அவை வானில் சூரியன் செல்லும் தோற்றப் பாதையை ஒட்டியே, அதாவது பன்னிரு இராசிகளின் பகுதியிலேயே, காணப்படும். துருவ விண்மீனுக்கு அருகில் தெரியும் ஒளி எதுவும் கோளாக இருக்க முடியாது.
* நகர்வு: விண்மீன்களின் ஒன்றுக்கொன்றான அமைவு மனிதரின் வாழ்நாளில் கண்ணுக்குப் புலப்படும் அளவில் மாறுவதில்லை. கோள்கள் அவற்றினிடையே பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. சில காலங்களில் பின்னோக்கி நகர்வது போலத் தோன்றும். இது வக்கிரம் எனப்படும். சூரியனை விரைவாகச் சுற்றும் புவி, மெதுவாகச் சுற்றும் வெளிக்கோளை முந்திச் செல்லும்போது இத்தோற்றம் உண்டாகிறது.
* மினுக்கம்: விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் புள்ளிகளாகவே தெரிகின்றன. அவற்றின் ஒளி வளிமண்டலக் கொந்தளிப்பால் அலைவுற்று மினுக்குகிறது. கோள்கள் சிறிய வட்டுகளாக இருப்பதால் ஒளி நிலையாகத் தெரியும். எனினும் அடிவானத்தில் கோள்களும் மினுக்கக்கூடும். எனவே இதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

கோள்களின் தனி இயல்புகள்

* புதன்: சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. சூரியன் மறைந்த பின்னரோ உதிப்பதற்கு முன்னரோ அடிவானத்தருகே சிறிது நேரமே தெரியும். சூரியன் அடிவானத்துக்கு மேல் உள்ளபோது இருகண்நோக்கியால் புதனைத் தேடுதல் கண்பார்வைக்குப் பெருங்கேடு விளைவிக்கும்.
* வெள்ளி: சூரியனும் சந்திரனும் நீங்கலாக வானில் வழக்கமாகத் தெரியும் பொருட்களுள் மிக ஒளி மிக்கது. வெண்ணிறமானது. சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாததால் காலையில் விடிவெள்ளியாகவும் மாலையில் அந்திவெள்ளியாகவும் தெரியும். நள்ளிரவில் தலைக்கு மேல் தெரியும் ஒளி வெள்ளியாக இருக்க முடியாது. தொலைநோக்கியில் பிறை போன்ற கலைகளைக் காணலாம்.
* செவ்வாய்: மேற்பரப்பிலுள்ள இரும்பு ஆக்சைடினால் செந்நிறமாகத் தெரிகிறது. புவியிலிருந்து அதன் தொலைவு சுமார் 5.5 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறுவதால் அதன் ஒளியும் பெரிதும் மாறும். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை மிக ஒளியுடன் தெரியும். மங்கிய காலத்தில் கேட்டை, ரோகிணி ஆகிய செந்நிற விண்மீன்களுடன் இதைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு.
* வியாழன்: மஞ்சள் கலந்த வெண்ணிறமானது. இரவு வானின் மிக ஒளி மிக்க விண்மீனான சிரியசைவிட எப்போதும் ஒளி மிக்கது. சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுப்பதால் ஓர் இராசியைக் கடக்கச் சுமார் ஓராண்டு ஆகிறது. அதன் நான்கு பெரிய நிலவுகள் இருகண்நோக்கியிலேயே தெரியும்.
* சனி: வெளிர்மஞ்சள் நிறமானது. சுற்றுக்காலம் 29.5 ஆண்டுகள், ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். சிறு தொலைநோக்கியில் தெரியும் வளையங்களே இதன் தெளிவான அடையாளம். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையங்கள் விளிம்புப்புறமாகத் திரும்பி மறைந்தாற்போலாகும். 2025 மார்ச்சில் இவ்வாறு நிகழ்ந்தது.
* யுரேனஸ், நெப்டியூன்: தொலைநோக்கியில் முன்னது பசுநீல நிறமுள்ள சிறு வட்டாகவும், பின்னது அதனினும் சிறிய நீலநிற வட்டாகவும் தெரியும். விண்மீன் வரைபடத்தின் துணையின்றி இவற்றை அறிதல் அரிது.

வரலாற்றில்

அடையாளம் காணத் தவறியதால் கண்டுபிடிப்புகள் தள்ளிப்போனதும் உண்டு. 1612-13 குளிர்காலத்தில் வியாழனை நோக்கிய கலீலியோ, அதனருகில் இருந்த நெப்டியூனை விண்மீன் எனக் குறித்தார். அது சற்று இடம் பெயர்ந்ததாகத் தோன்றியதையும் பதிவு செய்தார். ஆயினும் தொடர்ந்து ஆராயவில்லை. 1690இல் ஜான் பிளாம்ஸ்டீட் யுரேனஸை இடப இராசியின் ஒரு விண்மீனாகப் பட்டியலிட்டார்.

1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ச்செல், தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டியபோது யுரேனஸ் விண்மீன்களைப் போலன்றிப் பெரிதாவதைக் கண்டார். முதலில் அதை வால்வெள்ளி என்றே கருதினார். பின்னர் அதன் பாதை கணக்கிடப்பட்டபோது அது கோள் என்பது உறுதியாயிற்று. யுரேனஸின் இயக்கத்தில் காணப்பட்ட பிறழ்வுகளைக் கொண்டு லெவெரியே கணித்த இடத்துக்கு அருகில், 1846 செப்டம்பர் 23 அன்று யோகான் கால்லே பெர்லினில் நெப்டியூனைக் கண்டார். புதிய விண்மீன் வரைபடத்தில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளியாக அது தென்பட்டது. மறுநாள் இரவு அது நகர்ந்திருந்தமை அதனைக் கோள் என உறுதிப்படுத்தியது.

இவற்றையும் பார்க்க

* சூரியக் குடும்பம்
* விண்மீன் குழாம்
* குறுங்கோள்