தொலைந்த மகனும் துரத்தப்பட்ட நடிகையும்

சினிமா என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். நாவலையும் நாடகத்தையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் இவர்கள், திரைப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவர். ஆயினும், ஒரு சமுதாயம் தன் உள்ளத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டிய இடங்களுள் ஒன்று திருவனந்தபுரத்துக் கொட்டகையொன்றில் கட்டப்பட்டிருந்த வெள்ளைத்திரையாகும். அத்திரைமீது கல் விழுந்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

மலையாளத்தின் முதற் கதைப்படம் 'விகதகுமாரன்'. தொலைந்துபோன மகன் என்பது இப்பெயரின் பொருள். பேசாப் படமாகிய இதனை எழுதி, இயக்கி, முதலிட்டு, கதாநாயகனாகவும் நடித்தவர் ஜே. சி. டானியல். ('பஞ்சமர்' எழுதிய நம் நாட்டு நாவலாசிரியர் டானியல் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமை தற்செயலானதே, எனினும் இக்கட்டுரையை எழுதுகையில் அவருடைய நினைவும் நமக்கு அடிக்கடி எழுந்தது.) இவர் பிறந்த அகஸ்தீசுவரம் கன்னியாகுமரிக்கு அணித்தாயுள்ள ஊர். அன்று அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. 1956இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. வசதி படைத்த கிறிஸ்தவ நாடார் குடும்பத்திற் பிறந்து, பல் மருத்துவம் பயின்ற டானியலுக்குச் சிலம்பத்திலும் களரிப்பயிற்றிலும் தீராத மோகம் இருந்தது. களரியின் பெருமையை உலகறியச் செய்யச் சினிமாவே தக்க கருவி என்றெண்ணித்தான் அவர் முதலில் இத்துறையை நாடினார். சென்னையில் வாய்ப்புக் கிட்டாமற் போகவே, பம்பாய்க்குச் சென்றார். அங்கே, தாம் ஓர் ஆசிரியர் என்றும், மாணவர்க்குச் சினிமாவைப் பற்றிக் கற்பிக்க விரும்புவதாகவும் கூறி, படப்பிடிப்பு நிலையங்களுக்குள் நுழைந்தார் என்பர். ஆசிரியர் என்றால் எவரும் ஐயுறார் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

ஊர் திரும்பியவர் தமக்குரிய நிலத்தை விற்றார். கமராவும் பிற கருவிகளும் வாங்கினார். 1926இல் திருவனந்தபுரத்தின் பட்டம் என்னும் பகுதியில் 'திருவிதாங்கூர் நாஷனல் பிக்சர்ஸ்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். அக்காலத்துப் படப்பிடிப்பு இன்றுள்ளது போன்றதன்று. கையாற் சுழற்றும் கமரா, சூரியனே பெருவிளக்கு. வெயில் மங்கினால் வேலை நின்றுவிடும். நடிப்போரின் குரல் பதிவாவதில்லை; இடையிடையே எழுத்து அட்டைகள் தோன்றும். எழுத்தறியாதோர் மிகுந்த ஊர்களில், திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். இந்த மௌனத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

அன்றைய இந்தியப் படங்களுட் பெரும்பாலானவை புராணக் கதைகளே. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) தொடங்கி, சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' வரை, தெய்வங்களும் மன்னர்களுமே திரையில் உலாவினர். டானியலோ தம் காலத்து மனிதர்களின் கதையை எடுத்துக்கொண்டார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சந்திரகுமாரன். வில்லன் பூதநாதன் அவனைச் சிறுவயதிலேயே கடத்தி இலங்கைக்குக் கொண்டுபோய்விடுகிறான். அங்கே தோட்டமொன்றிற் கூலியாக வளரும் சிறுவன், வெள்ளைக்காரத் துரையின் அன்புக்குப் பாத்திரமாகி, மேற்பார்வை உத்தியோகத்துக்கு உயர்கிறான். இங்கிலாந்து செல்லும் வழியில் இலங்கைக்கு வந்த உறவினன் ஜெயச்சந்திரன் அவனுடைய நண்பனாகிறான். இருவரும் திருவிதாங்கூருக்கு வருகின்றனர். அங்கே ஜெயச்சந்திரனுக்கும் சரோஜினி என்ற நாயர்க் குலப் பெண்ணுக்கும் காதல் மலர்கிறது. அவளோ சந்திரகுமாரனின் உடன்பிறந்தவள்! வில்லன் அவளைக் கவர முயல்வதும், நண்பர்கள் மீட்பதும், முதுகுத் தழும்பினால் தொலைந்த மகன் அடையாளங் காணப்படுவதும் கதையின் முடிவு.

நம் நாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர், கூலிச் சிறுவன் துரையின் அன்பினால் உயர்ந்தான் என்று படிக்கையிற் சிரிக்காதிருக்க முடியாது. கங்காணியின் கடனேட்டிற் பிறந்து அதிலேயே மடிந்த தலைமுறைகளின் கதை வேறு. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டதே 1921இல்தான். இப்படத்தின் இலங்கை, கடல் கடந்தால் அதிர்ஷ்டம் உண்டு என்று நம்பிய கரையிலிருந்து கண்ட கனவு. டானியலை ஒரு சமுதாய விமரிசகர் என்று தூக்கிப்பிடிக்க நாம் முனையவில்லை. அவர் எழுதியது ஒரு சாதாரணக் காதற் கதை. அதன் வரலாற்று முக்கியத்துவம் கதையில் இல்லை. சரோஜினியாக நடித்தவரில் இருக்கிறது.

நடிக்கப் பெண்கள் கிடைப்பது அக்காலத்தில் அரிது. பால்கேயின் முதற் படத்தில் தாராமதியாக வந்தவர் ஓர் ஆண். பின்னர்ப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் புகழ் பெற்றனர். 'குடும்பப் பெண்' திரையில் தோன்றுவது இழிவெனவே கருதப்பட்டது. டானியலும் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைக்க முயன்றார், அது நிலைக்கவில்லை. ஈற்றில் அவருக்குக் கிடைத்தவர் றோசி. புலையர் சாதியிற் பிறந்து, புல்லறுத்துப் பிழைத்த ஏழைப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். சிவனும் பார்வதியும் குறி சொல்லும் நாடோடிகளாக வரும் அந்நாடகம், தமிழும் மலையாளமும் கலந்த தென் திருவிதாங்கூர் மக்கட் கலை. காலையிற் சோற்றுப்பொதியோடு வந்து, நாயர்ப் பெண்ணின் உடையணிந்து நடித்துவிட்டு, மாலையில் தம் உடையோடு குடிசைக்குத் திரும்புவார் என்று சொல்லப்படுகிறது.

இந்த உடை மாற்றத்தை எளிதாகக் கருதிவிடலாகாது. திருவிதாங்கூரில் உடை என்பது ஒருபோதும் துணி மட்டுமாக இருந்ததில்லை. டானியல் பிறந்த அதே நாடார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822 தொடக்கம் 1859 வரை அடியும் உதையும் பட்டனர், வீடுகள் எரிந்தன, கோயில்கள் எரிந்தன. 1859இல் மன்னர் விடுத்த பிரகடனம் அவ்வுரிமையை அளித்தது. ஆனால் அதிலும் ஒரு முள் இருந்தது: எம்முறையிலும் உடுத்தலாம், உயர்சாதிப் பெண்டிர் உடுக்கும் முறையில் மட்டும் உடுத்தலாகாது! மானத்தை மறைக்க அனுமதி. வேற்றுமையை மறைக்க அனுமதியில்லை.

புலையர் நிலை இதனினும் கீழானது. தீண்டினால் மட்டுமல்ல, குறித்த தூரத்துக்குள் நெருங்கினாலே தீட்டு. அவர்தம் பெண்கள் கல்மணி மாலையைச் சாதி அடையாளமாக அணிய வேண்டியிருந்தது. அய்யன்காளி 1893இல் வில்லு வண்டியேறிப் பொது வீதியிற் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பள்ளிக்கூடக் கதவுகள் தம் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட வேண்டுமென்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்வித்தார். 1915இற் கொல்லத்தில் நடந்த கூட்டத்திலே புலையர்ப் பெண்கள் அம்மாலைகளைக் கழற்றி வீசியெறிந்தனர். வைக்கத்துப் போராட்டம் 1924–25. இவையெல்லாம் நடந்தேறிய மண்ணிலேதான், ஒரு புலையர் மகள் நாயர்ப் பெண்ணின் ஆடையோடு கமராவின் முன் நின்றாள். 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் தடுத்த அதே செயல்!

படம் 1928 நவம்பரில் வெளியாயிற்று என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். 1930 ஒக்டோபரில் என்பதே பின்வந்த ஆய்வாளர் காட்டிய தேதி. இடம், திருவனந்தபுரம் கப்பிட்டல் திரையரங்கு. தொடக்கிவைக்க அழைக்கப்பட்டவர் பெயர்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. றோசி அரங்கினுள் இருந்தால் தாம் வர இயலாது என்று அவர் கூறினார் என்றும், றோசி வெளியே நிறுத்தப்பட்டார் என்றும் இவ்வரலாற்றைத் தொகுத்தோர் எழுதியுள்ளனர். தாம் நடித்த படத்தைத் தாமே காண இயலாது நின்ற கதாநாயகியை எண்ணும்போது, டானியல் அன்று உறுதியாக நின்றிருக்கலாகாதா என்ற கேள்வி நம்முள் எழுகிறது. உள்ள நிலமெல்லாம் விற்றவர், முதற் காட்சி நடவாமற் போய்விடுமோ என்று அஞ்சியிருப்பார். அந்த அச்சம் நமக்கு விளங்குகிறது. எனினும் நியாயமாகத் தோன்றவில்லை.

திரையில் ஜெயச்சந்திரன், சரோஜினியின் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடுகிறான். அவ்வளவே. கூட்டம் கூச்சலிட்டது, கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. முத்தந்தான் ஆத்திரத்தை மூட்டியது என்று சிலர் இன்றும் கருதுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. மேனாட்டுப் படங்களில் இதனினும் நெருக்கமான காட்சிகளை நகர மக்கள் கல்லெறியாமலே பார்த்து வந்தனர். அவர்களை உறுத்தியது வேறு. வீதியில் இத்தனை அடி விலகி நிற்க வேண்டியவள், திரையில் ஓராள் உயரத்தினும் பெரியவளாக, விலக இடமின்றி அவர்கள் எதிரே நின்றாள். மேலே குறித்த மௌனம் இங்கேதான் வேலை செய்தது. பேசியிருந்தால் பேச்சிற் சாதியைத் தேடியிருப்பர். பேசாத படத்தில் எஞ்சியவை முகமும் உடையும் நடையுமே. அவற்றில் நாயர்ப் பெண்ணிற்கும் புலையர்ப் பெண்ணிற்கும் எந்த வேறுபாடும் தென்படவில்லை! பிறப்பால் வருவது என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டதை ஓர் ஏழைப் பெண் சில நாட் படப்பிடிப்பிலே நடித்துக் காட்டிவிட்டாள். அதற்கு அவர்களிடம் விடையில்லை, கல் இருந்தது.

கல்லோடு நிற்கவில்லை. றோசியின் குடிசைக்குத் தீ வைத்தனர். இரவோடிரவாக ஓடிய அவர், வீதியில் வந்த லொறியொன்றை மறித்து ஏறித் தப்பினார் என்பர். அதன்பின் அவர் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. ஆலப்புழை முதலிய வேறூர்களிலும் படம் காட்டப்பட்டது. டானியல் இட்ட முதல் மீளவில்லை. கருவிகளை விற்றுக் கடனை அடைத்தார், நிலையம் மூடப்பட்டது. பின்னர் மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை எனத் தமிழ் நாட்டு ஊர்களிற் பல் மருத்துவம் செய்தார். நடிகர் பி. யு. சின்னப்பாவின் நட்பினால் மறுபடியும் சினிமா ஆசை தலைதூக்கி, எஞ்சியதையும் இழந்தார். மிஞ்சியிருந்த படச்சுருளை அவருடைய சிறு மகன் விளையாட்டாக எரித்துவிட்டான் என்பது குடும்பத்தார் கூறும் செய்தி. நைட்ரேற்றுச் சுருள் தீப்பட்டாற் கணத்தில் எரிந்துபோகும்.

மலையாள சினிமாவின் வரலாற்றைச் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பேசும்படமான 'பாலன்' (1938) தொட்டே பலர் எழுதினர். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் 1960களில் டானியலைத் தேடிக் கண்டு எழுதிய பின்னரே உண்மை வெளிவரலாயிற்று. முதிய கலைஞர்க்குரிய உதவித்தொகையைக் கேரள அரசு அவருக்கு மறுத்தது. அவர் ஊர் தமிழ் நாட்டில் இருக்கிறதாம்! எல்லைக்கோட்டை நகர்த்தியவர் அவரல்லர். 1975இல் அகஸ்தீசுவரத்தில் அவர் மறைந்தார். 1992இல் அதே கேரள அரசு, மலையாளத் திரையுலகின் மிக உயர்ந்த விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

றோசியை நினைக்க இன்னும் நாட்கள் சென்றன. குன்னுக்குழி மணி போன்றோர் அவர் சுவடுகளைத் தேடி எழுதினர். வினு ஆபிரகாம் 2008இல் நாவலாக்கினார். 2013இல் கமலின் 'செலுலாய்ட்' அக்கதையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அவர் ஏறித் தப்பிய லொறியின் சாரதியையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்னும் பெயரோடு, பழைய வாழ்க்கையைப் பற்றி வாய்திறவாமல் வாழ்ந்தார் என்பர். மணந்தவர் நாயர். படப்பிடிப்பு நாட்களில் அவர் அணிந்து கழற்றிய அதே வேடத்தை வாழ்நாள் முழுவதும் அணிந்திருக்க நேர்ந்தது. இம்முறை எவரும் கல்லெறியவில்லை, எவருக்கும் தெரியாதாகையால்.

அகஸ்தீசுவரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் சில மைல் தூரமே. பஸ் வண்டியிற் சென்றால் ஒரு மணி நேரமும் ஆகாது. ஒரு முனையில், உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொண்டிருந்த கிழவர், மறுமுனையில், ராஜம்மாள்.